மும்பை காலா கோடா, கொலாபா ஆர்ட் கேலரிகளுக்குச் சும்மா போய்ப் பார்க்கலாமா?

கேள்வி: வேலை மாற்றலில் மும்பை வந்து சில மாதங்கள் ஆகின்றன. காலா கோடா, கொலாபா பக்கம் நிறைய ஆர்ட் கேலரிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். படம் வாங்குகிற வசதி கிடையாது. நவீன ஓவியம் புரியவும் புரியாது. சும்மா உள்ளே போனால் ஏதாவது சொல்வார்களா? ஒரு சனிக்கிழமையில் எவற்றைப் பார்க்கலாம்? எப்படிப் பார்ப்பது? ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் கூட்டிப் போகலாமா?

பதில்:

தாராளமாகப் போகலாம். டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது, பெயரைக்கூட யாரும் கேட்க மாட்டார்கள். சில இடங்களில் மேசைமேல் ஒரு நோட்டு இருக்கும். விருப்பமிருந்தால் பெயரும் மின்னஞ்சலும் எழுதலாம். அடுத்த கண்காட்சிக்கு அழைப்பு வரும், அவ்வளவுதான்.

நான் தமிழர்கள் நிறைய வாழும் மாட்டுங்காவில் வளர்ந்தவன். கண்காட்சிகளுக்குப் படம் மாட்டிக்கொடுக்கும் குழு ஒன்றில் சில காலம் வேலை பார்த்தேன். அதனால் இந்த இடங்களின் முன்வாசலைவிடச் சரக்கு இறக்குகிற பின்வாசல்தான் எனக்கு அதிகப் பழக்கம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

தெரிந்தவர்கள் மட்டும் வந்துபோகிற இடம், ஒன்றும் தெரியாமல் போய் நின்றால் அசிங்கமாகிவிடும் என்ற பயம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. கேலரி என்பது ஒரு கடை. சுவரில் இருப்பது சரக்கு. விற்றால் பணத்தை ஓவியரும் கேலரியும் பங்கு போட்டுக்கொள்வார்கள், பெரும்பாலும் சரிபாதியாக. பாதியா என்று வாயைப் பிளப்பவர்கள் உண்டு. தென் மும்பை வாடகை, ஃபிரேம், லாரி, காப்பீடு, விளக்கு, ஒவ்வொரு கண்காட்சிக்கும் சுவருக்கு அடிக்கிற புது வெள்ளை, அச்சிட்ட குறிப்பேடு, திறப்பு மாலையில் ஊற்றுகிற ஒயின் எல்லாம் அந்தப் பாதியிலிருந்துதான் போக வேண்டும். ஒன்றுமே விற்கவில்லையென்றால் மொத்தமும் கேலரியின் தலையில்.

கடைதான், ஆனால் வாங்குகிறவரை மட்டும் நம்பி நடக்கிற கடை இல்லை. ஓவியருக்குப் பெயர் ஏறினால்தான் படத்துக்கு விலை ஏறும். பெயரை ஏற்றுகிறவர்களில் பணக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். பத்திரிகையில் எழுதுகிறவர்கள், கலைக் கல்லூரி மாணவர்கள், மற்ற ஓவியர்கள், அருங்காட்சியகங்களுக்கும் கொச்சி பினாலே போன்ற பெரிய கலைவிழாக்களுக்கும் படைப்புகளைத் தேர்ந்தெடுக்கிற கியூரேட்டர்கள், சும்மா வந்து பார்த்துவிட்டு இன்னொருவரிடம் போய்ச் சொல்கிறவர்கள் என்று அது பெரிய கூட்டம். வெறுங்கையோடு வருகிறவரை உள்ளே விடுவதை அவர்கள் தர்மமாகச் செய்யவில்லை. தொழில் அப்படித்தான் நடக்கிறது. ஆகவே கூச்சப்பட ஒன்றுமில்லை. யாரும் இல்லாத அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற உதவியாளருக்கு நீங்கள் வந்தது சந்தோஷமாகத்தான் இருக்கும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. விற்ற படம் சுவரிலிருந்து இறங்கி மரப்பெட்டிக்குள் போகும். பிறகு யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறை, ஒரு கம்பெனியின் கூட்ட அறை, அல்லது ஏ.சி. போட்ட கிடங்கு. அருங்காட்சியகத்துக்குப் போவது கொஞ்சம்தான். மற்றவை இருபது, முப்பது வருடம் கழித்து ஏலத்துக்கு வந்தால் உண்டு. நடுவில் ஊர் மக்கள் பார்க்கக் கிடைப்பது கண்காட்சி நடக்கிற அந்த ஐந்தாறு வாரம் மட்டும். இந்தியாவின் முக்கியமான ஓவியர்கள் புதிதாகச் செய்ததை முதன்முதலில், காசில்லாமல், நெரிசலில்லாமல் பார்க்க இருக்கிற இடம் இந்தக் கடைகள்தான். இதைத் தெரிந்துகொண்டால் எதற்காகப் போக வேண்டும் என்ற கேள்வி வராது.

விற்க முடியாததையும் சில சமயம் இந்தக் கடைகள் காட்டும். 1992-ல் நளினி மலானி கேலரி கெமோல்டின் சுவர்களிலேயே நேரடியாக வரைந்தார். 'சிட்டி ஆஃப் டிசையர்ஸ்' என்று அதற்குப் பெயர். கண்காட்சி முடிந்ததும் அழித்தாயிற்று. எடுத்துக்கொண்டு போக, பில் போட, அங்கே எதுவுமே இல்லை. அதே வருடம் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியில் எம்.எஃப். ஹுசைன் 'ஸ்வேதாம்பரி' என்று ஒன்று வைத்தார். தொங்குகிற வெள்ளைத் துணி, தரையெங்கும் செய்தித்தாள் துண்டுகள். நாட்டிலேயே அதிகம் விலைபோன ஓவியர்களில் ஒருவரின் கண்காட்சிக்கு வந்தவர்கள் பார்க்க ஓவியமே இல்லை. திட்டினவர்கள் உண்டு. இன்றைக்கு இந்திய நிறுவல் கலையை, அதாவது பொருட்களை வைத்து ஓர் இடத்தையே படைப்பாக்குகிற கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் தவறாமல் சொல்கிறார்கள்.

ஏன் இத்தனை கேலரிகள் இந்த ஒரு பகுதியில் என்றால், எல்லாம் ஜஹாங்கீரில் தொடங்கியது. 1952-ல் சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் தன் இறந்துபோன மகன் பெயரில் கட்டிக்கொடுத்தது. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1947-ல், சூசா, ரஸா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே ஆறு பேரும் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் காலத்தில் படத்தை மாட்ட ஊரில் ஒழுங்கான சுவர் கிடையாது. 1963-ல் கேகூ காந்தி, கோர்ஷெட் காந்தி தம்பதி ஜஹாங்கீர் கட்டடத்தின் மாடியில் கேலரி கெமோல்டைத் திறந்தார்கள். கேகூவின் மூலத் தொழில் படத்துக்கு ஃபிரேம் போடுவது. ஃபிரேம் போட வந்த ஓவியர்களோடு பழகிப் பழகிப் படம் விற்கிறவரானார். அதே 1963-ல் ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கம் பண்டோல் கேலரி வந்தது. அது இப்போது ஏல நிறுவனமாகிவிட்டது. 2000-க்குப் பிறகு இந்திய ஓவியங்களின் விலை மளமளவென்று ஏறியபோது புதியவர்கள் வரிசையாகக் கொலாபாவின் பழைய கட்டடங்களில் இடம் பிடித்தார்கள். நமக்குத் தொடர்புள்ள ஒன்றும் இதில் உண்டு. சாக்‌ஷி கேலரி 1984-ல் சென்னையில் தொடங்கியது. பிறகுதான் மும்பைக்கு வந்தது.

சென்னையில் கேலரி பார்த்துப் பழகியவராக இருந்தால் உங்களுக்கு ஒரு வித்தியாசம் தெரியும். அங்கே நுங்கம்பாக்கத்தில் ஒன்று, கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமி, சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஈ.சி.ஆரில் போக வேண்டும் என்று வண்டி இல்லாமல் ஆகாது. இங்கே ஃபோர்ட்டில் ஆரம்பித்துக் கொலாபா தீயணைப்பு நிலையம் வரைக்கும் எல்லாம் மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கும். கால்தான் வாகனம்.

ரயிலில் வந்தால் சர்ச்கேட் அல்லது சி.எஸ்.எம்.டி. இப்போது அதைவிட வசதி மெட்ரோ. 2025 அக்டோபரில் மூன்றாம் தடம் கஃப் பரேடு வரை முழுதாகத் திறந்ததிலிருந்து ஹுதாத்மா சௌக் நிலையத்தில் இறங்கினால் நேராக நடுவில் வந்து நிற்கலாம். பதினொரு மணிக்கு முன்னால் வந்து பயனில்லை. பெரும்பாலான கதவுகள் அப்போதுதான் திறக்கும். மாலை ஆறரை, ஏழுக்கு மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை பல இடங்கள் விடுமுறை, திங்களன்றும் சில. அதனால் நீங்கள் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது சரி. கிளம்புமுன் அந்தந்தக் கேலரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். ஒரு கண்காட்சியை இறக்கி அடுத்ததை ஏற்றுகிற வாரத்தில் போனால் ஏணியையும் குமிழ்த்தாள் சுற்றிய பொட்டலங்களையும்தான் பார்ப்பீர்கள்.

ஃபோர்ட்டிலிருந்து தெற்கே இறங்குவது நல்லது. முதலில் கெமோல்ட். 2007-ல் ஜஹாங்கீர் மாடியை விட்டு பிரெஸ்காட் ரோட்டில், கதீட்ரல் பள்ளிக்கு எதிரே உள்ள குவீன்ஸ் மேன்ஷனின் மூன்றாம் மாடிக்கு மாறியது. பெயரும் கெமோல்ட் பிரெஸ்காட் ரோடு என்றாயிற்று. கேகூவின் மகள் ஷிரீன் காந்தி நடத்துகிறார். அதுல் தோடியா, ஜிதிஷ் கல்லாட், மிது சென் என்று நாளைக்குப் பாடப்புத்தகத்தில் வரப்போகிறவர்களின் கண்காட்சிகள் இங்கே நடக்கும். உயர்ந்த கூரை, நீளமான அறைகள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேலரிதான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அதே ஃபோர்ட்டில் ஏ.கே. நாயக் மார்கில் டார்க் (TARQ) என்ற கேலரி இருக்கிறது. 2014-ல் தொடங்கியது, இளைய ஓவியர்கள் அதிகம். தரைத்தளம் என்பதால் ஏற வேண்டியதில்லை.

அங்கிருந்து காலா கோடா. தெருவில் நிற்கிற கறுப்புக் குதிரைச் சிலை 2017-ல் வைத்தது, முதுகில் ஆள் கிடையாது. 1965 வரை இருந்த பழைய குதிரைமேல் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்ட் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் குதிரையோடு பைகுல்லா மிருகக்காட்சிசாலையில் இருக்கிறார். எதிரே ஜஹாங்கீர். மேலே நான் சொன்ன கடைக் கணக்கு இதற்குப் பொருந்தாது. ஜஹாங்கீர் யாரையும் தேர்ந்தெடுத்து விற்பதில்லை. ஓவியர்கள் விண்ணப்பித்து, வருடக்கணக்கில் காத்திருந்து, ஒரு வாரத்துக்கு ஹாலை வாடகைக்கு எடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மாட்டித் திங்கள் இரவு கழற்ற வேண்டும். பக்கத்திலேயே நாற்காலி போட்டு ஓவியரே உட்கார்ந்திருப்பார். சொந்தக் காசைப் போட்டு வந்திருப்பவர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். காசி படித்துறை, புத்தர் முகம், பாய்கிற குதிரை என்று பார்த்துப் பார்த்துச் சலித்ததுதான் நிறைய இருக்கும், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான்கு ஹாலில் ஏதோ ஒன்றில், பெயரே கேள்விப்பட்டிராத ஊர்க்காரர் ஒருவரின் வேலை உங்களை நிறுத்திவைக்கும். எந்த ஹால் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதுதான் ஜஹாங்கீரின் ருசி. வெளியே நடைபாதையிலும் ஓவியர்கள் கடை விரித்திருப்பார்கள்; அவர்களிடமும் நின்று பாருங்கள். உள்ளே சமோவார் என்று ஒரு கஃபே இருந்தது. 1964-ல் திறந்து 2015-ல் மூடினார்கள். பழைய ஆட்கள் ஜஹாங்கீர் என்றாலே படத்தை விட்டுவிட்டு அங்கே சாப்பிட்டதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

பக்கத்திலேயே தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கிறது, சிறு கட்டணம் உண்டு, திங்கள் விடுமுறை. ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்து 1911-ல் கட்டிய பொது மண்டபத்தை உள்ளே குடைந்து அரைவட்ட மாடிகளாக்கி 1996-ல் திறந்தார்கள். நேரமிருந்தால் போங்கள். அதைவிட, சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்துக்குள் ஜஹாங்கீர் நிகல்சன் என்ற பருத்தி வியாபாரி சேர்த்த நவீன ஓவியங்களுக்கென்று தனிப் பகுதி ஒன்று உண்டு. இவர் வேறு ஜஹாங்கீர். அவர் சேர்த்தவற்றில் பெரும்பகுதி இதே தெருக் கேலரிகளில் வாங்கியதுதான். விற்ற படம் கண்ணிலிருந்து மறைந்துவிடும் என்றேனே, அப்படி மறையாமல் தப்பியவற்றில் சில இங்கே இருக்கின்றன.

ரீகல் தியேட்டரைத் தாண்டினால் கொலாபா. இங்கேதான் புதியவர்கள் திணறுவார்கள், ஏனென்றால் தெருவில் நின்றால் ஒரு கேலரியும் கண்ணில் படாது. பெரிய பெயர்ப்பலகை வைக்க மாட்டார்கள். தாஜ் ஹோட்டலுக்குப் பின்னால் மெரிவெதர் ரோட்டில் சன்னி ஹவுஸ் என்ற பழைய கட்டடம்; டாக்டர், வக்கீல் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே மரப்படி ஏறினால் இரண்டு கேலரிகள் இருக்கின்றன. ஒன்று மிர்ச்சந்தானி ஸ்டெய்ன்ருக்கே. தாயும் மகளும் 2006-ல் தொடங்கியது. மற்றது எக்ஸ்பெரிமென்டர், 2009-ல் கொல்கத்தாவில் ஆரம்பித்து 2022-ல் இங்கே கிளை திறந்தார்கள். அதே தெருவில் தேவிதாஸ் மேன்ஷன் மூன்றாம் மாடியில் ஜாவேரி கன்டெம்பரரி. அக்கா தங்கை இருவர் நடத்துவது. லண்டன், சிட்னி என்று வெளியே வாழ்கிற தெற்காசிய வேர் உள்ள ஓவியர்களை அதிகம் காட்டுகிறார்கள். வாட்ச்மேன் 'கிதர்?' (எங்கே?) என்று கேட்டால் கேலரி பெயரைச் சொல்லுங்கள், கையை மேலே காட்டுவார். கதவு சாத்தியிருக்கும், அது ஏ.சி.க்காக. தள்ளிக்கொண்டு போகலாம், மணி இருந்தால் அடிக்கலாம்.

இன்னும் தெற்கே ஆர்தர் பந்தர் ரோட்டில் சாட்டர்ஜி அண்ட் லால். 2003-லிருந்து இயங்குகிறது, நிகில் சோப்ரா போன்ற, பார்வையாளர் முன் தாங்களே நிகழ்த்திக் காட்டுவதைப் படைப்பாக்குகிற நிகழ்த்துகலைக்காரர்களை ஆரம்பத்திலேயே ஆதரித்த இடம். கடைசியாகத் தீயணைப்பு நிலையம் பக்கம் புராஜெக்ட் 88. பழைய அச்சகம் ஒன்றை 2006-ல் கேலரியாக்கினார்கள். இந்த வட்டாரத்தில் இவ்வளவு விரிந்த தளம் அபூர்வம் என்பதால் பெரிய நிறுவல்களுக்குத் தோதான இடம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். நான்கு போதும், ஐந்து அதிகம். ஆறாவது இடத்தில் நீங்கள் நிற்கும்போது கண் சுவரில் இருக்கும், மனசு கால்வலியில் இருக்கும். நடுவில் எங்காவது உட்கார்ந்து சாப்பிடுங்கள், கொலாபா காஸ்வேயில் அதற்குப் பஞ்சமில்லை. தோசை மட்டும் மாட்டுங்காவுக்குத் திரும்பின பிறகு.

இனி, புரியாது என்பது.

உள்ளே போனவுடன் எல்லோரும் செய்வது, வாசலில் ஒட்டியிருக்கிற குறிப்பைப் படிக்கத் தொடங்குவது. அதைக் கடைசிக்கு வையுங்கள். அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் முறுக்கிப் பிழிந்த ஆங்கிலத்தில் இருக்கும். எழுதியவருக்கே எவ்வளவு புரிந்தது என்று எனக்குச் சந்தேகம். அதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், குறிப்பில் சொன்னது படத்தில் இருக்கிறதா என்று தேடத்தான் தோன்றும். முதலில் அறையை ஒரு சுற்று சுற்றுங்கள், எதன் முன்னாலும் நிற்காமல். எது இழுக்கிறது, எது எரிச்சலூட்டுகிறது என்று கால்களுக்கே தெரியும். இரண்டாவது சுற்றில் அந்த ஒன்று இரண்டின் முன் மட்டும் நில்லுங்கள்.

நின்றதும் கேட்க வேண்டியது 'இதற்கு என்ன அர்த்தம்' என்றில்லை. 'இதை எப்படிச் செய்தார்' என்று கேளுங்கள். எதில் செய்தது? எவ்வளவு பெரியது? பக்கத்தில் போனால் என்ன ஆகிறது, தள்ளி நின்றால் என்ன ஆகிறது? ஜிதிஷ் கல்லாட்டின் 'பப்ளிக் நோட்டீஸ்' என்று 2003-ல் செய்த ஒன்று. சுதந்திர நள்ளிரவில் நேரு பேசிய உரை முழுவதும் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் பலகைகளில் எழுதியிருக்கும். பசையால் எழுதி, தீ வைத்து எரித்திருக்கிறார். எழுத்து கருகிப்போயிருக்கும், சூட்டில் பலகை நெளிந்திருக்கும், அதில் தெரிகிற உங்கள் முகமும் நெளிந்திருக்கும். 2002 குஜராத் கலவரத்துக்கு அடுத்த வருடம் செய்தது என்று மட்டும் யாராவது சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். எதில், எப்படிச் செய்தார் என்று பார்த்தவருக்கு அர்த்தம் தானாக வந்து சேர்கிறது.

அதுல் தோடியா கடை ஷட்டர்களில் வரைந்தவர். நாம் தினமும் பார்க்கிற அதே சுருட்டி ஏற்றுகிற இரும்பு ஷட்டர். 'மஹாலக்ஷ்மி' என்ற படைப்பில் வெளியே லட்சுமி படம். ஷட்டரை ஏற்றினால் உள்ளே இன்னொரு ஓவியம், வரதட்சிணை காரணமாகத் தூக்கு மாட்டிக்கொண்ட மூன்று சகோதரிகள். மூடிய ஷட்டரை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தவர் பாதியைத்தான் பார்த்தார். இதுபோல அசைகிற, ஓடுகிற, திறக்கிற ஏதாவது இருக்கிறதா என்று மேசையில் இருப்பவரிடம் கேட்கலாம். வீடியோ என்றால் எத்தனை நிமிடம் என்று பெயர்ச்சீட்டில் போட்டிருக்கும். ஒலி சம்பந்தப்பட்டதென்றால் அவசரப்படவே கூடாது. ஷில்பா குப்தாவின் நிறுவல் ஒன்றில் நூறு மைக்குகள் தொங்கும். அவை பேச்சை வாங்காமல் வெளியே விடும், ஒலிபெருக்கிபோல. எழுதியதற்காகச் சிறைபட்ட நூறு கவிஞர்களின் வரிகள் பல மொழிகளில் மாறி மாறி வரும். ஒவ்வொரு மைக்குக்குக் கீழும் ஒரு கம்பியில் குத்திய காகிதம். இரண்டு நிமிடம் நின்றவருக்கு ஏதோ முணுமுணுப்பு. அரைமணி நேரம் நின்றவர் வெளியே வந்து கொஞ்ச நேரம் பேச மாட்டார்.

படம் மாட்டினவன் என்ற முறையில் ஒரு துப்பு. சுவரில் எல்லாப் படங்களின் நடுப்புள்ளியும் ஒரே கோட்டில், தரையிலிருந்து நான்கே முக்கால் அடிக்கும் ஐந்தடிக்கும் இடையில் வருமாறு மாட்டுவது வழக்கம். நிற்கிறவரின் கண்மட்டம் அது. எந்தப் படமாவது அந்தக் கோட்டை விட்டு முழங்கால் உயரத்திலோ, கூரையை ஒட்டியோ, கொத்தாக நெருக்கியோ இருந்தால் அது தற்செயல் இல்லை. அதைப் பற்றி ஓவியரும் கேலரிக்காரரும் ஒரு மத்தியானம் முழுக்க வாக்குவாதம் செய்திருப்பார்கள். நான் ஏணிமேல் நின்றுகொண்டே கேட்டிருக்கிறேன். அந்தப் படத்தின் முன் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். அதேபோல வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் இருப்பது ஆளை உள்ளே இழுப்பதற்காக வைத்தது. ஓவியருக்குப் பிரியமானது பல நேரம் உள் அறையில், சின்னதாக, காகிதத்தில் இருக்கும்.

பெயர்ச்சீட்டில் வருகிற சில சொற்கள் மிரட்டும். 'மிக்ஸ்டு மீடியா' என்றால் பல பொருள் கலந்தது, அவ்வளவுதான். 'ஆர்கைவல் பிக்மென்ட் பிரிண்ட்' என்பது சீக்கிரம் மங்காத மையில் அடித்த டிஜிட்டல் அச்சு. 'எடிஷன் 2/5' என்றால் மொத்தம் ஐந்து பிரதிகள், இது இரண்டாவது. ஐந்துக்கு மேல் அடிக்க மாட்டோம் என்பது வாக்குறுதி. புகைப்படம் மட்டுமில்லை, வீடியோவும் இப்படித்தான் விற்கும்.

எல்லாவற்றையும் ரசித்தாக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. சில கண்காட்சிகள் உண்மையிலேயே வெத்து. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம், யாரும் மனம் நோக மாட்டார்கள். 'நல்லா இருக்கு' என்று பொய் சொல்லவும் வேண்டாம்.

உள்ளே நடந்துகொள்வது பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. முதுகுப்பையை மட்டும் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது மேசையில் கொடுத்துவிடுங்கள். படத்தைக் கையால் தொட்டுக் கெடுத்தவரைவிடத் திரும்பும்போது பையால் இடித்துக் கெடுத்தவர்கள்தான் அதிகம். ஃபிளாஷ் இல்லாமல் ஃபோட்டோ எடுக்கப் பெரும்பாலும் விடுவார்கள். ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தரையில் ஒரு வாளியோ கயிறோ கிடந்தால் அதுவும் படைப்பாக இருக்கக்கூடும், தாண்டிப் போகாமல் சுற்றிப் போங்கள்.

விலையைக் கேட்பது தப்பில்லை. சுவரில் போட மாட்டார்கள், மேசையில் பட்டியல் இருக்கும். பெயர் பக்கத்தில் சிவப்புப் பொட்டு இருந்தால் விற்றாயிற்று. வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் பட்டியலைப் பார்க்கச் சொல்வேன். நீங்கள் அரைமணி நேரம் நின்ற சின்னக் காகித ஓவியம் பெரிய கான்வாஸைவிடப் பல மடங்கு குறைவு என்று தெரியும்போது வேறு மாதிரி யோசிக்கத் தோன்றும். இளையவர்களின் அச்சோவியங்கள் ஒரு நல்ல செல்ஃபோன் விலைக்குள் கிடைப்பதுண்டு, தவணையிலும் கொடுப்பார்கள். ஓவியத்துக்கான ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வாங்குவதானால் ஓவியர் கையெழுத்திட்ட சான்றிதழையும் பில்லையும் வாங்காமல் வராதீர்கள். விலை ஏறும், முதலீடு என்று யாராவது சொன்னால் அந்தக் காதில் வாங்கி இந்தக் காதில் விட்டுவிடுங்கள். பெரும்பாலானவை ஏறுவதில்லை.

எப்போது போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மழைக்காலம் மந்தம், கையில் இருப்பதைக் கலந்து மாட்டிக் குழுக் கண்காட்சி என்பார்கள். செப்டம்பர், அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் உயிர். ஜனவரியில் மும்பை கேலரி வீக்கெண்ட் வரும், 2012-லிருந்து நடக்கிறது. எல்லாக் கேலரிகளும் அந்த நான்கு நாளுக்குத் தங்கள் சிறந்ததை வைத்திருப்பார்கள், ஞாயிறும் திறந்திருக்கும், ஓவியர்களோடு நடந்தபடி பேசுகிற நிகழ்ச்சிகள் இருக்கும். அதை விடாதீர்கள். காலா கோடா கலைவிழா 1999-ல் தொடங்கியது. ஜனவரிக் கடைசி, பிப்ரவரியில் ஒன்பது நாள் தெருவே அடைத்துக்கொள்ளும். அது திருவிழாவாக ஒருமுறை பார்க்க வேண்டியதுதான். அன்றைக்குக் கேலரி பார்க்கலாம் என்று போனால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். திறப்பு மாலைகள் பெரும்பாலும் வியாழக்கிழமை. யார் வேண்டுமானாலும் போகலாம், ஆனால் அங்கே படத்தை மறைத்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். ஓவியரைப் பார்க்க வியாழன் போங்கள். ஓவியத்தைப் பார்க்க இன்னொரு நாள்.

அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். படி ஏறுவதுதான் பிரச்சினை. கொலாபாவின் பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருந்தாலும் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது, ஃபோன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். உட்கார நாற்காலியும் அரிது. ஆனால் கேட்டால் உள்ளே இருந்து ஒன்று எடுத்துப் போடுவார்கள், இதுவரை மறுத்து நான் பார்த்ததில்லை. அம்மாவோடு போகிற அன்றைக்கு ஜஹாங்கீர், டார்க், அருங்காட்சியகத்தின் நிகல்சன் பகுதி இந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டால் சுலபம்.

அவர்களுக்குப் புரியுமா என்று நீங்கள் தயங்கினால், இன்று ஓவியர்கள் கையிலெடுக்கிற பொருட்களைச் சொல்கிறேன். நூல், சாயம், தையல், பழைய புடவை, மண். லாவண்யா மணி என்பவர் துணியில் இயற்கைச் சாயமும் கலம்காரி முறையும் தையலும் சேர்த்துச் செய்கிறவர், கெமோல்டில் காட்டியிருக்கிறார். அப்படி ஒன்றின் முன்னால் நின்றால் எந்தச் சாயம் முதலில் ஏறியது, எங்கே தையலை மறைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கு முன்னால் அம்மா சொல்லிவிடக்கூடும்.

ஜஹாங்கீர் வாசலில் அந்த வாரம் எந்த ஹாலில் யார் என்று பலகை இருக்கும். சென்னை, கும்பகோணம் கலைக் கல்லூரிகளில் படித்தவர்களும் அங்கே வந்து காட்டுகிறார்கள். பலகையில் நம் பக்கத்துப் பெயர் தென்பட்டால் அந்த ஹாலில் முதலில் நுழையுங்கள். ஐந்து நாளாக இந்தியிலும் ஆங்கிலத்திலும் விளக்கிக்கொண்டிருப்பவரிடம் அம்மா தமிழில் 'இது என்னப்பா' என்று கேட்டால், அவரே கூடவே வந்து ஒவ்வொன்றாகக் காட்டிவிடுவார்.